இரும்பு மைந்தன் குடித்திருந்தானாம்

கொட்டாஞ்சேனை,
30-4-1938

மச்சான் நோபேட்,

கொட்டாஞ்சேனைப் பெருமக்களுக்கும், களனி ஆற்றுக்கு அப்பால் வத்தளையில் காலைத் தலையணையில் ஏற்றிவைத்துப் படுத்திருக்கும் கனவானுக்கும் மிகுந்த மனவருத்தத்துடன் அறியத் தருவது என்னவென்றால்: எங்கள் வீட்டுச் சேவல் இன்று காலை ஐந்து மணிக்குக் கூவவில்லை. ஐந்தேகாலுக்குத்தான் கூவியது. அம்மா விசாரணை நடத்துகிறார். சேவல் வாய் திறக்க மறுக்கிறது. உன்னிடம் ஒரு கால் குறைந்தபடியால்தான் சேவலிடம் ஒரு கால் கூடிவிட்டது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். உலகத்தில் மொத்தக் கால்களின் தொகை மாறக்கூடாது அல்லவா?

சிரித்தாயா? சிரிக்காவிட்டால் கடிதத்தைத் திரும்ப முதலிலிருந்து வாசி.

இங்கே எல்லாரும் இன்னும் போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். முத்துலிங்கம் மாஸ்டர் ‘இரும்பு மைந்தன் - கி.பி. இரண்டாயிரத்தில் நடக்கும் இசை நடன நாடகம்’ என்று நோட்டீஸ் அடித்தபோது சிரித்த ஆட்களே கோயில் மண்டபத்தில் முன் வாங்கில் இடம்பிடிக்க அடிபட்டார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, வெள்ளிப்பூச்சுப் பூசி, அதற்குள் உன்னை இறக்கி, கிராமபோன் இசைக்கு நீ டக்கு டக்கென்று நடந்து வந்தாயே, மேடையின் மறுபக்கம் தன் காட்சிக்குக் காத்து நின்ற நேசமலரே “ஐயோ, உண்மையான மெசின்!” என்று கத்தினாள். நீ சுழன்று சுழன்று தடாலென்று விழுந்தபோதும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. இயந்திரம் பழுதாகி விழுகிறது, என்ன தத்ரூபம் என்று! திரை இறங்கிய பிறகுதான் கணுக்கால் முறிந்த செய்தி வெளியே வந்தது. அதற்குள் கைதட்டல் முடிந்துவிட்டது. தட்டியதைத் திருப்பி வாங்க ஏலாது. அது உன்னுடையதுதான்.

கிராமபோன் இடையில் தானாக வேகம் பிடித்ததைத்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. பழைய பெட்டி. உள்ளே சுருள் தளர்ந்திருக்கும்.

வேறொன்று. சிலபேர் நீ சாராயம் போட்டுக்கொண்டு ஆடினாய் என்று கதைக்கிறார்கள். விடு. மூன்று நாள் கதை.

உன் மச்சான்
ஒஸ்வால்ட்


வத்தளை,
4-5-1938

ஒஸ்வால்ட்,

கால் பற்றிய பகிடியை, கால் சுகமாகுமட்டும் அம்மாவையும் என்னையும் தன் வீட்டில் வைத்திருக்கும் மாமா வாசித்துவிட்டார். கடிதத்தை நான் கேட்ட பிறகுதான் தந்தார்.

கிராமபோன் தானாக வேகம் பிடிக்காது. சுருள் தளரத் தளர அது மெதுவாகும். கடைசியில் கிழவன் குரலில் இழுத்து நிற்கும். வேகம் கூடவேண்டுமென்றால் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேகத் திருகை ஒரு கை திருப்பவேண்டும். அன்றைக்குக் கிராமபோனுக்குப் பக்கத்தில் நின்றது ஒரேயொரு ஆள். மாஸ்டர் விஞ்ஞானி வேடத்துக்கு உள்ளறையில் தாடி ஒட்டிக்கொண்டு நின்றார். நேசமலருக்குத் திருகு எது, சாவி எது என்று தெரியாது.

நீ தகரத்துக்குள் நின்று பார்க்கவில்லை. கண்ணுக்கு இரண்டு கீறல். மூக்குக்கு ஒன்றுமில்லை. வெள்ளிப்பூச்சைக் கரைத்த ஸ்பிரிட் மணம் உள்ளே அடைத்து நின்றது. முதலாவது சுற்றில் பாட்டு வேகமானது. சரி, ஏதோ பிழை, இப்போது சரிவரும் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் இன்னும் வேகம். நான் ஏன் நிற்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். மூன்று மாதமாக மாஸ்டர் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: “மனுசன் களைச்சா நிப்பான். மெசின் நிக்காது. பாட்டு முடியுமட்டும் நீ மனுசனில்லை.” அவர் அதை என் மண்டையில் குட்டிக் குட்டிச் சொன்னார். நான் நிற்கவில்லை.

பார்த்தவர்களுக்கும் பாட்டு வேகமானது பிழையாகப் படவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டில் பாட்டு எப்படிப் போகும் என்று கொட்டாஞ்சேனையில் யாருக்குத் தெரியும்?

ஆனால் நான் உள்ளிருந்து “நிப்பாட்டடா” என்று கத்தினேன். நீ என்னிடமிருந்து மூன்று முழத் தூரத்தில் நின்றாய்.

கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. விஞ்ஞானியின் பிள்ளை சாகக் கிடக்கும்போது, அழத் தெரியாத இரும்பு மைந்தனுக்குக் கண்ணீர் வரும் காட்சி. அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் தகரத்துக்குள் போனேன். உனக்குத் தெரியும்.

நோபேட்


கொட்டாஞ்சேனை,
9-5-1938

மாட்சிமை தங்கிய நீதியரசர் நோபேட் அவர்களுக்கு,

குற்றவாளிக் கூண்டிலிருந்து எழுதுகிறேன். கூண்டு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது. உன்னுடைய தகரத்தைவிடப் பரவாயில்லை.

சரி மச்சான், கோபப்படாதே. கை பட்டிருக்கலாம். சாவி கொடுக்கும்போது திருகில் கை படுவது யாருக்கும் நடக்கும். நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. தகரத்துக்குள்ளிருந்து கத்தினால் தகரத்துக்குத்தான் கேட்கும். நான் பாட்டைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா, என் மூக்கில் வழிந்த வேர்வையைப் பார்ப்பேனா? எனக்கு இரண்டு காதுதான். உனக்கு இரண்டு கால் என்று எழுத வந்தேன். எழுதவில்லை, பார்த்தாயா? நான் திருந்திவருகிறேன்.

ஒரு செய்தி. நீ வேறு வாயால் கேட்குமுன் என் வாயால் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தை மண்டபத்தில் ஆனி மாதம் நாடகத்தைத் திரும்பப் போடக் கேட்டிருக்கிறார்கள். கிராமபோன் வைத்திருக்கிற ஜாபிரின் தகப்பன்தான் ஒழுங்குசெய்கிறார். மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. (இந்தக் கால் எண்ணிக்கையில் சேராது.) இரும்பு மைந்தன் யார் என்று கேட்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

நினைவிருக்கிறதா, முதலில் அந்த வேசம் எனக்குத்தான் தந்தது. இரண்டு கிழமை பழக்கிவிட்டு, எல்லாருக்கும் முன்னால், “ஒஸ்வால்ட், உன்னை விசையாலை முடுக்கினாலும் நீ நெளிவாய். போய்க் கிராமபோனுக்குச் சாவி குடு. நோபேட், நீ வா” என்று சொன்னார். நேசமலரும் சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான்தான் எல்லாரையும்விடப் பலத்துச் சிரித்தேன்.

இப்போது நெளியாமல் நிற்கப் பழகுகிறேன். பூசைக்கு உதவும்போதும் பீடத்தடியில் இரும்பாகத்தான் நிற்கிறேன். சுவாமியார் எனக்குச் சுகமில்லையோ என்று அம்மாவிடம் விசாரித்தாராம்.

கால் எப்படி?

ஒஸ்வால்ட்


வத்தளை,
16-5-1938

ஒஸ்வால்ட்,

முறிவு வைத்தியம் பார்க்கும் வெதமாத்தையா நேற்றுக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனி நடுவில் கம்பு இல்லாமல் நடக்கலாம். நொண்டவும் மாட்டேனாம். ஆகவே கால் பற்றிக் கேட்பதை விட்டுவிடு. இனி நான் கேட்பதைக் கேள். ஒருமுறை பகிடி விடாமல் வாசி.

இரத்மலானை றெயில்வே வேர்க்ஷொப்புக்குப் பயிலுநராக எழுதிப் போட்டேன் அல்லவா. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். ஆனி இருபதாம் தேதி (20-6) திங்கட்கிழமை நேர்முகம். கொண்டுவரவேண்டிய கடதாசிகளின் பட்டியல் வந்திருக்கிறது. பிறப்புச் சாட்சிப்பத்திரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கடிதம் இருக்கிறது. பங்குச் சுவாமியார் கையெழுத்து வைத்த நற்சான்றிதழ் இல்லை.

அம்மா இரண்டு முறை ஆற்றைக் கடந்து வந்து சுவாமியாரைக் கண்டார். முதல் தரம், “தகப்பன் துறைமுகத்திலை குடிச்சுக் குடிச்சே செத்தவன். இப்ப பெடியனும் துவங்கிட்டான். ஒழுக்கமுள்ளவன் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?” என்று கேட்டாராம். என் தகர உடுப்பைக் கழற்றும்போது அவரே பக்கத்தில் நின்றாராம். மணம் வந்ததாம். அது ஸ்பிரிட் மணம், வெள்ளிப்பூச்சு மணம் என்று அம்மா சொன்னதற்கு, “பூச்சு மணந்தா ஏன் தள்ளாடினவன்?” என்று கேட்டாராம்.

இரண்டாந் தரம் அம்மா உன் பெயரைச் சொல்லிவிட்டார். சுவாமியாருக்குக் கோபம் வந்ததாம். “ஒஸ்வால்ட் பூசைக்கு உதவுற பிள்ளை. ஆட்டத்திலை விழுந்த பழியை அவன்ரை தலையிலை போடாதை” என்றாராம். பிறகு அம்மா அழுவதைப் பார்த்து ஒன்று சொன்னார்: “நோபேட் குடிக்கேல்லை, பாட்டுத்தான் பிழைச்சது எண்டு அண்டைக்குப் பக்கத்திலை நிண்ட ஒரு ஆள் வந்து சொல்லட்டும். அந்த நிமிசமே எழுதித் தாறன்.”

பக்கத்தில் நின்ற ஆள் நீ.

நான் எழுதினால் சுவாமியார் நம்பமாட்டார். மாஸ்டரிடம் கேட்டுப்பார்த்தேன். தான் உள்ளறையில் நின்றவன், காணாததைக் கண்டேன் என்று சொல்லமாட்டேன் என்கிறார். நியாயந்தான்.

புரட்டாதியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு பயிலுநராக எடுக்கமாட்டார்கள். இந்தத் தரம்தான்.

மெசினைப் போல நடிக்க ஆசைப்பட்டு நான் தகரத்துக்குள் போகவில்லை, ஒஸ்வால்ட். எனக்கு உண்மையான மெசின்களில் விருப்பம். தெமட்டகொடையில் எஞ்சின் திருத்தும் இடத்து வேலிக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் எத்தனை பின்னேரம் நின்றிருக்கிறோம்? உனக்கு அலுப்பு வந்து கல்லெறிவாய். நான் போகமாட்டேன்.

போய்ச் சொல்லு. அடிப்பார். அவ்வளவுதான்.

நோபேட்


கொட்டாஞ்சேனை,
24-5-1938

மச்சான்,

முரசு கொட்டு! கொம்பு ஊது! இன்றைக்கு எம்பயர் டே லீவு. ஊரெல்லாம் சக்கரவர்த்திக்காகக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். அதில் பாதிக் கொடி எனக்காக ஏற்றியது என்று வைத்துக்கொள்.

போனேன். சொன்னேன். வென்றேன்.

காலைப் பூசை முடிந்ததும் சுவாமியார் இருக்கும் அறைவீட்டுக்கு நேரே நடந்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்தார். அவித்த முட்டை ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஒஸ்வால்ட்?”

“சுவாமி, ஒரு விசயம் கதைக்கவேணும்.”

“பாவசங்கீர்த்தனமெண்டா கோயிலுக்கு வா.”

“இது மேசையிலை வைச்சே சொல்லக்கூடிய பாவம் சுவாமி.”

அவர் முட்டையைக் கீழே வைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “அண்டைக்கு நோபேட் ஒரு சொட்டும் குடிக்கேல்லை. கிராமபோன் திருகைத் திருப்பினது நான். அவன் ஆடினான், நான் ஆட்டினன். ரெண்டுக்கும் ஒரு ‘ட்’ தான் வித்தியாசம் சுவாமி” என்றேன். மச்சான், அந்த ‘ட்’டுக்கு அவர் சிரித்துவிட்டார்! பிறகு நினைவு வந்து என் காதைத் திருகினார். வேகத் திருகை விட நன்றாகத் திருகினார். இடது காது இன்னும் செவ்வரத்தம்பூ மாதிரி இருக்கிறது. “உண்மை சொல்லத் தைரியம் இருக்கிற பிள்ளை” என்று தலையில் கையும் வைத்தார்.

உன் சான்றிதழை எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்திவிட்டார். என் கையில் தரவில்லை. “உன்ரை கையிலை தந்தா அதிலை மீசை கீறிப்போடுவாய்” என்று சொல்லி, தானே நேரே றெயில்வே கந்தோருக்குத் தபாலில் போடுவதாகச் சொன்னார். ஆகவே நீ அலையத் தேவையில்லை. அம்மாவையும் இந்த வெயிலுக்குள் அனுப்பாதே. நேர்முகத்துக்குப் போய் நின்றால் போதும். கடதாசி உனக்கு முன்பே போய் வாங்கில் இருக்கும்.

இப்போது சொல், நான் யார்?

உன் வீர மச்சான்
ஒஸ்வால்ட்


வத்தளை,
6-6-1938

அன்புள்ள ஒஸ்வால்ட்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டை, காது, மீசை எல்லாம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் வத்தளைக் கோயிலுக்குப் போய் உன் பெயருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருக்கிறார். மாமாவும் ஒருநாள், “அந்தக் குழப்படிப் பெடியன் பரவாயில்லை” என்றார். மாமா வாயிலிருந்து வந்தால் அது பெரிய சங்கதி.

நான் உன்னை எவ்வளவு கெட்டவனாக நினைத்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். படுத்துக் கிடந்த ஒரு மாதமும் வேறு வேலை இல்லாமல் அதைத்தான் நினைத்தேன். அதை விடுகிறேன். காலுக்காக உன்னை மன்னிக்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். (பார், என்னையும் உன்னைப் போல எழுத வைத்துவிட்டாய்.) ஆனால் நீ போய்ச் சொன்னாயே, அது பெரியது. நான் உன் இடத்தில் நின்றிருந்தால் அந்த மேசையடிக்குப் போயிருப்பேனோ தெரியாது.

கம்பில்லாமல் சந்திவரைக்கும் நடந்தேன். மாமாவின் கோட்டை அம்மா எனக்கு அளவாகக் குறைத்துத் தைக்கிறார். இருபதாம் தேதி விடியவே வெளிக்கிட்டு, கோட்டை ஸ்டேசனில் றெயில் எடுத்து இரத்மலானையில் இறங்குவேன்.

வெள்ளவத்தையில் நன்றாக ஆடு. முழங்காலுக்குமேல் தகரம் வெட்டும், துணி சுற்றிக்கொள். மூச்சை மூக்கால் இழுக்காதே. கடைசிக் காட்சியில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நனைத்த பஞ்சை அவசரப்பட்டு அமத்தாதே. பாட்டு முழுதாக நிற்கட்டும். சனம் மூச்சு விடாமல் இருக்கும்போது அமத்து. ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் வந்தால் அழுகை இல்லை, ஒழுக்கு.

நோபேட்


கொட்டாஞ்சேனை,
12-6-1938

மச்சான்,

வெள்ளவத்தை விழுந்தது! நான் விழவில்லை, வெள்ளவத்தைதான் என் காலில் விழுந்தது.

நேற்றுப் பின்னேரம் மண்டபம் நிறைந்து சன்னல்களிலும் ஆட்கள். தகரத்துக்குள் இறங்கினேன். ஜாபிர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தான். நான் நடந்த நடையைப் பார்த்து முன் வாங்கில் இருந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுததாம். மெசின் நடனம் முடிந்தபோது கைதட்டல் நிற்கவில்லை, மாஸ்டர் கையைக் காட்டி நிற்பாட்டவேண்டியிருந்தது. கடைசிக் காட்சியில் நீ சொன்னபடியே ஒரே ஒரு சொட்டு. கிழவிகளெல்லாம் மூக்கைச் சீறினார்கள். “உன்னை நெளியிறவன் எண்டு சொன்னதை வாபஸ் வாங்கிறன்” என்று மாஸ்டர் சொன்னார். நேசமலர் என்னோடு கதைக்கவில்லை. வாயடைத்துப் போயிருப்பாள்.

இருபதாம் தேதிக்கு வாழ்த்துக்கள். கடதாசி போய்ச் சேர்ந்திருக்கும். சிலவேளை தபாலில் தாமதமானாலும் ஆகும், இந்த நாட்களில் தபாலைப் பற்றித் தெரியும்தானே. எதற்கும் நீ போகுமுன் அம்மாவை ஒருதரம் சுவாமியாரிடம் அனுப்பிக் கேட்டால் நல்லதோ தெரியாது. கேட்கவேண்டும் என்றில்லை. சும்மா சொன்னேன்.

ஒஸ்வால்ட்


வத்தளை,
20-6-1938

ஒஸ்வால்ட்,

அம்மாவை அனுப்பவில்லை. அனுப்பாதே என்று முதலில் எழுதியது நீ. பிறகு அனுப்பினால் நல்லதோ என்று எழுதியதும் நீ. நான் முதல் கடிதத்தை நம்பினேன்.

காலை எட்டு மணிக்கு இரத்மலானையில் நின்றேன். இருபத்திரண்டு பெடியன்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முதலில் கிளாக்கர் கடதாசி பார்த்தார். என்னுடையதைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில், “பல்லியே சேர்டிபிகேட் எக கோ?” என்று கோயில் சான்றிதழைக் கேட்டார். கோயில் கடதாசி நேரே தபாலில் வந்திருக்கும் என்று சொன்னேன். அவர் கோவையை முழுதாகத் தேடினார். இல்லை என்றார். இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். நல்ல மனிதர். எழும்பி உள்ளே போய் இன்னொரு கோவையையும் எடுத்து வந்து என் கண்ணுக்கு முன்னால் பார்த்தார். இல்லை. பட்டியலில் ஒன்று குறைந்தாலும் உள்ளே விட ஏலாது, மல்லி, என்றார். சொந்தத் தம்பியைப் போல மல்லி என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

அறைக்குள் போகாமலே திரும்பினேன். வெளியே வரும்போது வேர்க்ஷொப் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு எஞ்சினைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், சக்கரங்கள் இல்லாமல். ஒரு நிமிசம் நின்று பார்த்தேன். பிறகு காவற்காரன் போகச் சொன்னான்.

நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். சுவாமியாரைக் கண்டேன். “எனக்கு ஒருத்தரும் வந்து ஒண்டும் சொல்லேல்லை” என்றார். நான் உன் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை. அது அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அம்மா அதைத் தினமும் எடுத்து வாசிக்கிறார். இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. நேர்முகம் நன்றாகப் போனது என்று சொல்லியிருக்கிறேன். நீ எனக்குப் பழக்கியது.

சிறுவனாக இருக்கும்போது நீ பொய் சொன்னால் நான் சிரிப்பேன். எனக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான். அறைவீட்டுக்குப் போனாயா, போகவே இல்லையா?

நோபேட்


கொட்டாஞ்சேனை,
27-6-1938

நோபேட்,

அறிவிப்பு எதுவும் இல்லை.

போனேன். நான் எழுதியதில் அது மட்டும் உண்மை. முட்டையும் உண்மை. சுவாமியார், “என்ன ஒஸ்வால்ட்?” என்று கேட்டதும் உண்மை. அதற்கு நான், “அம்மா ஒரு பூசை ஒப்புக்குடுக்கச் சொன்னவ சுவாமி” என்றேன். அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் யாருக்காக என்று கேட்டார். செத்துப்போன பெரியப்பாவுக்கு என்றேன். பூசையும் வைத்துவிட்டார். பெரியப்பா மோட்சத்துக்குப் போயிருப்பார். அந்த ஒன்றுதான் இதில் நல்லது.

இனி எழுதுவதை எழுத ஐந்து நாள் எடுத்தது. மூன்று கடதாசி கிழித்தேன்.

நான் கதவடிக்குத் திரும்பும்போது சுவாமியார் தானாகவே கூப்பிட்டார். “ஒஸ்வால்ட், அண்டைக்கு நீ பக்கத்திலை நிண்டனி. உண்மையைச் சொல்லு, நோபேட் குடிச்சிருந்தவனோ?” என்று கேட்டார். அவர் கேட்டுவிட்டார், நோபேட். நான் ஒன்றும் துவங்கத் தேவையில்லை. ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். நான், “தெரியாது சுவாமி” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, “வெள்ளவத்தையிலை நல்லா ஆடு” என்றார்.

அதுதான் காரணம். திருகைத் திருப்பியது நான் என்று சொன்னால் தகரம் எனக்கில்லை. எனக்கு அந்த வேசம் வேண்டும். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

திருகையும் கை தவறிப் படவில்லை. மூன்று தரம் திருப்பினேன். நேசமலர், “உண்மையான மெசின்” என்று சொன்ன பிறகு ஒருதரம். சனம் கைதட்டத் துவங்கியபோது ஒருதரம். நீ “நிப்பாட்டடா” என்று கத்திய பிறகு ஒருதரம். கேட்டது. நீ என் பெயரையும் சொன்னாய். உன் கடிதத்தில் அதை எழுதவில்லை, மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. நீ விழுந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கால் முறியும் என்று நினைக்கவில்லை. சனம் சிரிக்கவுமில்லை, கைதட்டியது. அப்போதும் எனக்கு எரிந்தது.

வெள்ளவத்தையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். குழந்தை அழவில்லை. மாஸ்டர் ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை. நான் ஆறு அடி வைத்தேன். ஆறாவது அடியில் முழங்கால் தகரம் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டது. மூச்சு வரவில்லை. கீறலுக்குள்ளால் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. சரியான வேகத்தில்தான் ஓடியது. “கழட்டுங்கோ, கழட்டுங்கோ” என்று கத்தி அழுதேன். சனத்துக்குக் கேட்கவில்லை. நான் நின்ற இடத்தில் நெளிந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் நின்ற ஜாபிருக்குக் கேட்டது. அவனுக்கு ஒருதரம் கேட்டது போதும். உடனே ஊசியைத் தூக்கிவிட்டான்.

கடைசிக் காட்சி அங்கேயும் நடக்கவில்லை. நேசமலர் கதைக்காதது வாயடைத்து அல்ல. “நோபேட் இதுக்குள்ளை நிண்டு எப்பிடி ஆடினவன்?” என்று மாஸ்டரிடம் கேட்டாள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தாடி ஒட்டும் பசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் சுவாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று இப்போது எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பவும் வேண்டாம், போகவில்லை. நேற்று ஞாயிற்றுப் பூசைக்குப் பிறகு போக எழும்பினேன். போனால் பெரியம்மாவுக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வருவேன். என்னை எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேறு ஏதோதான் வருகிறது.

ஆகவே இந்தக் கடிதத்தைச் சுவாமியாரிடம் கொடு. நானே எழுதியது. ஞானோபதேச வகுப்பில் ஏழு வருசமாகப் பார்த்த கையெழுத்து, அவருக்குத் தெரியும். பயிலுநர் இடம் போய்விட்டது என்று தெரியும். இதனால் அது திரும்பி வராது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லும்போது செபப் புத்தகத்துக்குள் இருக்கிற அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழித்துவிடச் சொல்.

சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, இதெல்லாம் உண்மையோ என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் பகிடிக்கு எழுதினேன் என்று சொல்லப் பார்ப்பேன். நான் அப்படிச் சொன்னால் நம்பவேண்டாம் என்று அவரிடம் முதலே சொல்லி வை.

ஒஸ்வால்ட்